பழைய கியர் சைக்கிளைத் தேற்றுவதா, புதிது வாங்குவதா?

வாசகர் கேள்வி – பதில்

சைக்கிள் பற்றி வந்த கடிதங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு சரிவுகளிலிருந்தும் வந்த ஐந்தினை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டுள்ளோம். முதற் கடிதம் எல்லோருக்கும் பொதுவான சிக்கலைப் பேசுவதால் அதற்கான பதில் நீண்டிருக்கிறது.

கேள்வி: 2009-இல் வாங்கிய அலுமினிய ஃப்ரேம் மலைச் சைக்கிள் ஒன்று என்னிடம் உள்ளது. 26 அங்குலச் சக்கரம், 21 கியர், முன்பக்க சஸ்பென்ஷன், வி-பிரேக் (ரிம்மை இருபுறமும் ரப்பர்க் கட்டையால் பிடிப்பது). வார நாட்களில் ஏலக்காய்க் கடைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கும் அதில்தான் செல்கிறேன். எப்போதாவது மேலே எஸ்டேட் பாதைகளிலும் ஓட்டுவதுண்டு. இப்போது ஏற்றத்தில் செயின் நழுவுகிறது, முன் ஃபோர்க் இறுகி அசையாமல் நிற்கிறது, இறக்கத்தில் கை வலிக்கிறது. ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக், புது ஃபோர்க், முன்னால் ஒரே பற்சக்கரம், பின்னால் பத்து கியர் என்று மாற்றித் தர 24,000 ரூபாய் ஆகும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். அதே கடையில் 29 அங்குலச் சக்கரமும், முன்னால் 32 பல்லும், பின்னால் 11 முதல் 42 பல் வரை 9 கியரும் கொண்ட புதுச் சைக்கிளின் விலை 38,000 ரூபாய். என் வயது 44. எதைச் செய்யலாம்?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: 24,000 ரூபாய்த் திட்டத்தைக் கைவிடுங்கள். புதுச் சைக்கிளையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். தேய்ந்த பாகங்களை அதே வகைப் புதுப் பாகங்களால் மாற்றுவது ஒரு வேலை. சைக்கிளின் வகையையே மாற்ற முயல்வது முற்றிலும் வேறொரு வேலை. முன்னதற்குத் தங்கள் சைக்கிள் தகுதியானது என்றே கடிதத்திலிருந்து தோன்றுகிறது. பின்னதில் இறங்கினால் பணம் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல இயலாது.

எனினும், ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பும் ஃப்ரேமைப் பார்த்துவிட வேண்டும். சைக்கிளை நன்றாகக் கழுவித் துடைத்து, வெயிலில் தலைகீழாக நிறுத்தி, கீழ்க்குழாய் ஹேண்டில் குழாயோடு சேரும் இடத்தின் அடிப்பகுதி, பெடல் அச்சு செல்லும் கூட்டைச் சுற்றிய பற்றவைப்புகள், சீட் கம்பியை இறுக்கும் வெட்டு, பின்சக்கரம் உட்காரும் முனைகள் ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். துடைத்த பிறகும் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மீண்டும் தெரிந்தால் அது பெயின்ட் கீறலாக இருக்க வாய்ப்பு குறைவு. அலுமினிய ஃப்ரேமில் விரிசல் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. சைக்கிள்களில் பரவலாகப் பயன்படும் 6061 போன்ற உலோகக் கலவை தன் வலிமையை வெப்பப் பதனத்தால் பெறுகிறது. லேத் பட்டறையில் பற்றவைத்தால் ஒட்டுக்கு இருபுறமும் அந்த வலிமை போய்விடுகிறது, அதை மீட்கும் உலை அங்கே இருப்பதில்லை. இரும்புக் குழாய் ஃப்ரேம் என்றால் கைதேர்ந்த ஒருவர் பற்றவைத்துக் காப்பாற்றக்கூடும். விரிசல் இல்லை, சீட் கம்பி உருகி ஒட்டியதுபோல் சிக்கிக்கொள்ளாமல் மேலும் கீழும் நகர்கிறது, பெடல் கூட்டின் மரை கெடவில்லை என்றால், மேலே படிக்கலாம்.

கடைக்காரர் சொன்ன திட்டத்தில் ஒவ்வொரு மாற்றமும் அடுத்த மாற்றத்தைக் கையோடு இழுத்து வருகிறது. டிஸ்க் பிரேக் வைக்க ஃப்ரேமின் பின்பக்கத்தில் காலிப்பர் (டிஸ்க் தகட்டைப் பிடிக்கும் இடுக்கி) பொருத்தும் பிடிமானம் இருக்க வேண்டும். வி-பிரேக்கோடு மட்டும் வந்த ஃப்ரேம்களில் பெரும்பாலும் அது இராது. முன்பக்கத்தில் வேண்டுமென்றால் ஃபோர்க்கை மாற்ற வேண்டும். இன்று கிடைக்கும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் தண்டு மேலே 1⅛ அங்குலமாகவும் அடியில் 1½ அங்குலமாகவும் விரிந்து செல்வது. மேலும் கீழும் ஒரே அளவுள்ள தங்கள் ஹேண்டில் குழாயில் அது நுழையாது. நுழையும் ஃபோர்க் ஒன்றைத் தேடிப் பிடித்தாலும் டிஸ்க் தாங்கும் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) வேண்டும், ஆகவே புதுச் சக்கரம் வேண்டும். பின்னால் பத்து கியர் வைக்கவும் இதே கதைதான். அந்தக் காலத்து 21 கியர் சைக்கிள்களின் பின் ஹப்பில் ஃப்ரீவீல் என்ற பின் பற்சக்கரத் தொகுதி மரையால் திருகப்பட்டிருக்கும். செருகி மாட்டும் தொகுதியான பத்து கியர் கேசட் அதில் உட்காராது. எனவே புது ஹப், புது டீரெய்லர் (கியருக்குக் கியர் செயினை நகர்த்தும் கருவி), புது ஷிஃப்டர், குறுகலான புதுச் செயின் என்று போகும். முன் பற்சக்கரங்கள் கிராங்கோடு (பெடலைத் தாங்கும் தண்டோடு) ரிவிட் அடிக்கப்பட்டிருந்தால் கிராங்கும் போயிற்று. எல்லாம் முடிந்தபின் பழைய சைக்கிளில் மிஞ்சுவது ஃப்ரேமும் சீட்டும் ஹேண்டில் பாருமே. அந்த ஃப்ரேமோ, மேலே மாட்டிய பாகங்களில் பாதியை ஏற்கும்படி வடிவமைக்கப்படாதது. நாளை அதை விற்க நினைத்தால் 24,000 ரூபாய்ப் பாகங்களுக்கு ஒருவரும் விலை சொல்ல மாட்டார்கள்.

ஒரு பாகத்தை மாற்ற இன்னொரு நல்ல பாகத்தைக் கழற்றி எறிய வேண்டியிருந்தால், அந்த மாற்றத்தை அங்கேயே நிறுத்திவிடுவது என் வழக்கம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தங்கள் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செயின் நழுவுவது கியரின் எண்ணிக்கையால் வரும் குறையன்று, தேய்மானத்தால் வருவது. செயினின் ஒவ்வொரு ஆணிக்கும் இடையே அரை அங்குலம் இருக்க வேண்டும். ஆகவே 24 இடைவெளி சரியாக 12 அங்குலம். இரும்பு ஸ்கேல் ஒன்றைச் செயின்மேல் இழுத்துப் பிடித்து ஓர் ஆணியின் நடுவிலிருந்து அளந்து பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் ஃப்ரீவீலும் அந்தச் செயினுக்கேற்பத் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் முன்னைவிட மோசமாக நழுவும். ஏற்றத்தில் அழுத்தும்போது நழுவுகிறது என்று எழுதியிருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். முன்னால் நடுப் பற்சக்கரத்தின் பற்கள் சுறா மீனின் துடுப்புப்போல ஒருபுறம் சாய்ந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஃப்ரீவீலை மாற்றும்போது ஒரு நல்ல வாய்ப்புக் கிடைக்கிறது, அதை நழுவவிட வேண்டாம். இத்தகைய சைக்கிள்களில் முன்னால் 42, 34, 24 பற்களும் பின்னால் 14 முதல் 28 வரையும் இருப்பது வழக்கம். மிக இலகுவான கியரில் 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.857, 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.05 மீட்டர், எனவே பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் சுமார் 1.76 மீட்டர் நகரும். இனி 38,000 ரூபாய்ச் சைக்கிளைப் பாருங்கள். 32-ஐ 42-ஆல் வகுத்தால் 0.762, எண் சிறியது, ஆனால் 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு டயரைப் பொறுத்து 2.3 மீட்டர் அளவில் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 1.75 மீட்டர். அதாவது 38,000 ரூபாய் கொடுத்த பிறகும் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் தங்கள் முழங்காலுக்குக் கிடைக்கும் ஓய்வு இன்று இருப்பதேதான். அதே பழைய சைக்கிளில் 14 முதல் 34 பல் வரையுள்ள 7 கியர் ஃப்ரீவீலைப் போட்டால் அந்த 1.76 மீட்டர் 1.45 ஆகக் குறையும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6.3 கிலோமீட்டருக்குப் பதில் 5.2 கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். மெதுவாகப் போவதில் என்ன பெருமை என்று சிலர் கேட்பார்கள். நாற்பதைத் தாண்டிய முழங்கால்கள் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் தங்கள் டீரெய்லர் 34 பல் வரை தாங்கும் வகையா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். 28 பல்லோடு நிற்கும் வகையாயின் அதையும் மாற்ற வேண்டும். 7 கியர் டீரெய்லர் விலை அதிகமில்லாத பொருள்தான்.

எடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கடையில் அதைச் சொல்லி விற்பார்கள் என்பதால் ஒரு சொல். போடியிலிருந்து போடிமெட்டுக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், சைக்கிளில் ஒரு கிலோ குறைவதால் மிச்சமாகும் உழைப்பு நூற்றில் ஒரு பங்கை ஒட்டியது. இரண்டரை மணி நேர ஏற்றத்தில் அது ஒன்றரை நிமிடம். அதிலும், இந்த விலையில் வரும் சஸ்பென்ஷன் வைத்த 29 அங்குலச் சைக்கிள்கள் 14, 15 கிலோ இருப்பது சாதாரணம். தங்களுடையது அதைவிடக் கனமாக இராது.

பிரேக்கில்தான் சற்று யோசிக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கின் உண்மையான மேன்மை ஈரத்திலும் சேற்றிலும் தெரிவது. போடி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மெட்டுக்கு மேற்கே கொட்டும்போது கீழே சாலை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைத் தவிர்த்தால் தங்கள் ஓட்டம் உலர்ந்த தார்ச்சாலையில்தான். அதற்கு நல்ல ரப்பர்க் கட்டை போட்டு, கேபிளையும் உறையையும் மாற்றிய வி-பிரேக் போதுமானது. ஆனால் ரிம்மைத் தடவிப் பாருங்கள். கட்டை உரசும் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். ஸ்கேலின் விளிம்பை வைத்தால் நடுவில் குழிந்திருந்து வெளிச்சம் தெரிந்தால், அந்த ரிம் தேய்ந்து மெலிந்துவிட்டது. காற்றின் அழுத்தத்தில் ஒருநாள் அது பிளந்துகொள்ளும், நீண்ட இறக்கத்தில் அது நிகழவும் கூடும். அப்போது ரிம்மை மாற்றியே ஆக வேண்டும். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து இலேசாகப் பிடித்துக்கொண்டே வருவதும் கெடுதல். ஆயிரம் மீட்டர் உயரத்தில் சேர்த்து வைத்த ஆற்றலில் பெரும்பகுதி ரிம்மில் வெப்பமாகத்தான் இறங்குகிறது. வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டால் இடையில் ரிம் ஆறும். 1970-களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் பழைய கனத்த சைக்கிள்களை ஓட்டி இறங்கி இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள், பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோவதால் இறக்கம் முடிந்ததும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. வெப்பம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

ஃபோர்க் இறுகியதற்கு உடனே புதிது தேட வேண்டாம். சுருள்வில் வைத்த சாதாரண ஃபோர்க்குகளில் பலவற்றை அடியிலுள்ள இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் பிரித்துவிடலாம். உள்ளே இறுகிப்போன பழைய கிரீஸையும் துருவையும் துடைத்து, புதுக் கிரீஸ் தடவினால் சில மீண்டும் அசையத் தொடங்கும். உட்குழாயில் துரு ஆழமாகப் பிடித்திருந்தாலோ, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டும்போது ஃபோர்க்கின் கால்கள் ஆடினாலோ அதை மாற்றுங்கள். சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க் ஒன்று, வி-பிரேக் குமிழ்களோடும் பழையதை ஒத்த நீளத்தோடும் கிடைத்தால் அதுவே மேல். மிக நீளமான ஃபோர்க் சைக்கிளின் முகத்தை உயர்த்திக் கையாளுதலைக் கெடுப்பதோடு ஹேண்டில் குழாயின் மீதும் கூடுதல் பாரம் ஏற்றும். கை வலிக்கு ஃபோர்க்கைவிட டயர்க் காற்றே பெரும்பாலும் காரணம். பெட்ரோல் பங்கிலோ கடையிலோ கம்ப்ரஸரில் 60 பி.எஸ்.ஐ. வரை அடித்துவிடுகிறார்கள். 2 அங்குல அகல டயருக்கு, தங்கள் எடையைப் பொறுத்து, 35 முதல் 45 போதும். இவ்வளவும் செய்து, பெடல் அச்சின் பேரிங்கையும் மாற்றி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, ஹப்பில் பால்ரஸ் மாற்றினாலும், கடைக்காரர் கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது என் கணிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒன்றுபோலக் குறைந்ததால் இந்த முடிவை அது எந்தப் பக்கமும் சாய்க்கவில்லை.

எஸ்டேட் பாதைகளில் எப்போதாவது ஓட்டுவது மாதத்தில் பாதி நாள் என்று ஆகுமானால், அப்போது புதிது வாங்குங்கள். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் பெரிய சக்கரம், அகன்ற ஹேண்டில் பார், சாய்வான முன்கோணம் ஆகியவை சேர்ந்து தரும் நம்பிக்கையைப் பழைய ஃப்ரேமில் எந்தப் பாகத்தை மாட்டியும் பெற முடியாது. பழையதை அன்றைக்கும் விற்காதீர்கள். கிடைக்கும் விலைக்கு அது கடைக்குப் போய்வரவே உதவும்.

கேள்வி: நான் ஏலத்தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளை. பத்து வருடம் ஓடிய என் சைக்கிளும் 26 அங்குலம், வி-பிரேக்தான். தோட்டத்துக்குள் மண்பாதையில் தினமும் ஓட்டுகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் பிரேக் பிடிப்பதேயில்லை; கட்டை சீக்கிரம் கரைந்துவிடுகிறது; பின் ரிம்மை ஏற்கெனவே ஒருமுறை மாற்றிவிட்டேன். மறுபடியும் குழி விழுந்திருக்கிறது. இன்னொரு ரிம் போடுவதா, புதுச் சைக்கிளா?
— வாசகர், பூப்பாறை

பதில்: புதுச் சைக்கிள். போடி வாசகருக்குச் சொன்னது, மலைக்கு மேலே, மெட்டுக்கு அப்பால் இருக்கும் தங்களுக்குப் பொருந்தாது. ஈரமும் செம்மண்ணும் கலந்த குழம்பு பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போல ரிம்மை அரைக்கிறது. எத்தனை ரிம் மாற்றினாலும் இது தீராது. டிஸ்க்கின் தகடு சக்கரத்தின் நடுவில், சேற்றிலிருந்து விலகி இருக்கிறது. தேய்ந்தாலும் தகட்டையும் பட்டையையும் மாற்றினால் முடிந்தது, ரிம் தப்பிவிடும்.

ஹைட்ராலிக்கா, கேபிளால் இழுபடும் டிஸ்க்கா என்பதைத் தங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மெக்கானிக்கை வைத்து முடிவு செய்யுங்கள். ஹைட்ராலிக்கில் பிடி மென்மையானது, பட்டை தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் குழாயில் காற்றுப் புகுந்தால் எண்ணெய் மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். ஷிமானோ பிரேக்கில் மினரல் ஆயிலும், ஸ்ராம் பிரேக்குகள் பலவற்றில் கார்களுக்கு ஊற்றும் டாட் வகை எண்ணெயும் வேண்டும். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். கேபிள் வகையோ, எந்தச் சிற்றூர்க் கடையிலும் கம்பி மாற்றிக்கொண்டு அன்றே வேலைக்குப் போகலாம். தோட்ட வேலைக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். பட்டை வாங்கும்போது, சேற்றில் நீடிக்கும் உலோகக் கலப்பு வகையைக் கேளுங்கள். ஆனால் சில தகடுகளில் ரெசின் பட்டை மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு வாங்க வேண்டும். செயினுக்கு எண்ணெய் விடும்போது தகட்டில் ஒரு துளி பட்டாலும் பிரேக் வழுக்கும்.

புதியதைத் தேர்ந்தெடுக்கும்போது கியரின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். பெடல் அச்சுக் கூடு மரை வைத்ததா என்று பாருங்கள். அழுத்திச் செருகும் வகையில் ஈரம் புகுந்தால் முனகத் தொடங்கும், கழற்றத் தனிக் கருவி வேண்டும். டயருக்கும் ஃப்ரேமுக்கும் இடையே சேறு வழிந்தோட ஒரு விரல் அகலமாவது இருக்கட்டும். டீரெய்லர் தொங்கும் சிறு அலுமினியத் துண்டு ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு வடிவில் வருவதால், சைக்கிள் வாங்கும் அன்றே ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். சறுக்கி விழுந்தால் முதலில் வளைவது அதுதான், பிறகு அதைத் தேடிக் கொச்சிக்கும் மதுரைக்கும் தொலைபேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: என் பழைய சைக்கிளின் டயரில் 26 என்று இருந்தது. கடையில் 26 என்று கேட்டு வாங்கிவந்த புது டயர் ரிம்மில் ஏறவேயில்லை. இணையத்தில் 27.5 வாங்கினால் சரியாகும் என்கிறார்கள். இந்தச் சிக்கலுக்காகவே சைக்கிளை மாற்றிவிடலாமா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: டயருக்காகச் சைக்கிளை மாற்ற வேண்டாம். 26 என்ற எண்ணுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். 26 x 1.95, 26 x 2.10 என்று புள்ளி வைத்து எழுதிய மலைச் சைக்கிள் டயர்கள் 559 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்மில் உட்காருபவை. 26 x 1⅜ என்று பின்னமாக எழுதியது 590 மில்லிமீட்டர். 26 x 1½ என்பது 584. பெயர் ஒன்று, ரிம் மூன்று. 27.5 என்று இன்று விற்பதும் 584-தான். ஆகையால் தங்கள் ரிம் 26 x 1½ வகையாக இருந்தால் மட்டுமே இணையத்தில் சொன்னது விட்ட அளவில் பொருந்தும். அப்போதும் டயரின் அகலம் ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இடிக்காமல் இருக்க வேண்டும். பழைய டயரின் பக்கவாட்டில் 47-559 போல இரண்டு எண்கள் சிறிதாக அச்சாகியிருக்கும். அதில் இரண்டாவது எண்ணைக் கடையில் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: கூடலூரிலிருந்து நாடுகாணிக்கு வேலைக்குப் போகிறேன். பழைய மலைச் சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டினால் புது மின்சார சைக்கிளின் விலையில் பாதிகூட ஆகாது என்கிறார்கள். மாட்டலாமா? லைசென்ஸ் வேண்டுமா?
— வாசகர், கூடலூர்

பதில்: மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உள்ளடங்கி, எடை வரம்பையும் மீறாத மின்சார சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது, ஆகவே பதிவும் லைசென்சும் தேவையில்லை. கடைகளில் 350, 500 வாட் என்று விற்கும் கிட்டுகள் இந்த வரம்புக்குள் வரமாட்டா. கேரளத்துக்குள் இறங்கினாலும் இதே மத்திய விதிகள்தான்.

250 வாட் போதுமா என்றால், சாய்வைப் பொறுத்தது. ஆள், சைக்கிள், பேட்டரி எல்லாம் 95 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறச் சுமார் 240 வாட் வேண்டும். நீங்களும் மிதித்தால் தாராளம். மிதிக்காமல் உட்கார்ந்தால் மோட்டார் திணறும். ஹப்புக்குள் இருக்கும் மோட்டார், சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாக வீணடிக்கும். நீலகிரி ஏற்றங்களில் அது சுடுவது அதனால்தான். பெடல் அச்சுக் கூட்டில் பொருத்தும் மோட்டார் சைக்கிளின் கியர்களைப் பயன்படுத்திக்கொள்வதால் மலைக்கு அதுவே ஏற்றது. பழைய மலைச் சைக்கிள்களின் மரை வைத்த 68 அல்லது 73 மில்லிமீட்டர்க் கூடு இந்த வகைக்கு அப்படியே பொருந்தும் என்பது புதுச் சைக்கிள்களுக்குப் பொறாமை தரத்தக்க வசதி. ஈடாகச் செயினும் ஃப்ரீவீலும் விரைவில் தேயும்.

முன்சக்கர ஹப் மோட்டாரை, அதுவும் பழைய அலுமினிய ஃபோர்க்கில், எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீர்கள். அச்சு தன் திருகுவிசையால் ஃபோர்க்கின் முனையை விரித்துக்கொண்டு கழன்றால், முன்சக்கரம் தனியே ஓடும். கிட்டும் பேட்டரியும் சேர்ந்து ஆறேழு கிலோ கூடும் என்பதால் பிரேக் கட்டை, கேபிள், ரிம் ஆகியவற்றை முதற்பதிலில் சொன்னபடி முன்னதாகச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவையும், பேட்டரி சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியதாகும் செலவையும் சேர்த்துக் கூட்டிய பிறகு, பாதி விலை என்பது நிற்கிறதா என்று பாருங்கள். பழைய ஃப்ரேம் உறுதியாக இருந்து, மோட்டாரைப் பழுதுபார்க்கும் ஆள் கூடலூரிலேயே இருந்தால் மாட்டலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

கேள்வி: குமுளியில் ஒருவர் தம் மகனின் பழைய வெளிநாட்டுக் கம்பெனி மலைச் சைக்கிளை 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். புதுச் சாதாரண கியர் சைக்கிளும் ஏறக்குறைய அதே விலை. எது நல்லது?
— வாசகர், கம்பம்

பதில்: அளவு பொருந்தினால் பழையதே. சைக்கிளின் மேற்குழாயை இரு கால்களுக்கும் நடுவில் வைத்து நின்று பாருங்கள். இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். பொருந்தாத சைக்கிள் எந்தக் கம்பெனியுடையதாயினும் முதுகைக் கெடுக்கும். அளவு சரியென்றால் போடி வாசகருக்குச் சொன்ன இடங்களில் விரிசலும், ரிம்மில் குழிவும், செயினில் நீட்சியும் இருக்கின்றனவா என்று பார்த்து, மாற்ற வேண்டிய பாகங்களின் விலையை 9,000 ரூபாயிலிருந்து கழித்துப் பேரம் பேசுங்கள். பின்சக்கரத்தைக் கையில் எடுத்து அச்சைச் சுற்றிப் பாருங்கள். வளைந்து ஆடினால் அதையும் கழிக்கலாம். பில் இல்லையென்றால், விற்பவரிடம் சைக்கிளின் அடியில் பொறித்த ஃப்ரேம் எண்ணைக் குறித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.